மணம் பொது; குவளை மட்டும் வேறா?

மணம் தெருமுனைக்கே வந்து நம்மை வரவேற்றது!

ஞாயிற்றுக்கிழமைக் காலை. அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த களைப்பு நீங்கவேண்டும் என்று, உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் தம் இல்லத்திற்கு அழைத்திருந்தார். "கடையில் குடிப்பதெல்லாம் காப்பியா? வெந்நீருக்குப் போட்ட வேடம்! கொட்டையை வறுத்து, உங்கள் கண்ணெதிரே அரைத்து, காப்பி என்றால் என்னவென்று காட்டுகிறேன், வாருங்கள்!" என்றார். ஐவர் சென்றோம். ஐவரும் ஆசிரியர், ஐவரும் பட்டம் பெற்றவர், ஐவரும் வகுப்பறையில் சமத்துவம் பற்றிச் சலிப்பின்றிப் பேசுபவர்.

கூடத்துச் சுவரிலே தலைவர்களின் படங்கள். ஒருபுறம் பெரியார், மறுபுறம் அம்பேத்கர், நடுவிலே வள்ளுவர். படங்களின் கீழே விரித்த பாய். பாயின்மேல் பாட்டனார் காலத்துக் காப்பி அரைக்கும் கை மிஷின். மின்விசையில் சுழலும் மிக்சி வீட்டில் இருந்தும், அதில் அரைத்தால் சூடேறிச் சுவை கெடும் என்று நண்பர் அதைத் தொடுவதில்லையாம்.

அடுக்களையிலே வறுவல் நடந்தது. பச்சைக் கொட்டை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கருமைக்குத் திரும்பும் வேளையில் கொட்டைகள் படபடவென வெடிக்கும் ஓசை கூடம் வரை கேட்டது. முறத்திலே கொட்டி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார் அவர் துணைவியார். வைத்தவர் நில்லாமல் உள்ளே சென்றார். நண்பர் பாடம் தொடங்கினார். ஒரு பழத்துக்கு இரு கொட்டை, சில பழத்தில் மட்டும் ஒரே கொட்டை, உருண்டையாக, அதுவே பீபெரி. வறுத்த கொட்டை தன் மணத்தைத் தன்னுள்ளே பூட்டி வைத்திருக்கும். அரைத்ததும் பூட்டு உடையும். காற்றுப் பட்டால் மணம் பறக்கும். ஆகவே அரைத்த கையோடு வடித்துவிட வேண்டும். நைசாக அரைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும். கொரகொரவென்று அரைத்தால் நீர் சாரம் வாங்காமல் ஓடிவிடும். இவ்வளவும் சொல்லிக்கொண்டே மிஷினின் கைப்பிடியைப் பத்துச் சுற்றுச் சுற்றினார். மணம் எழுந்தது. அடடா என்றோம். மிஷின் உள்ளே போயிற்று. மிச்சக் கொட்டையை அரைத்தது யார் கை என்று அன்று நாம் கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழிந்தது. தட்டு வந்தது.

தட்டிலே ஐந்து பித்தளை டவரா, ஐந்து டம்ளர், பொன்போல் துலக்கியவை. அவற்றின் அருகே ஒரு காகிதக் குவளை.

வீட்டுக்காரரையும் சேர்த்து ஆறு பேர். டவரா ஐந்து. தட்டைச் சற்றே திருப்பினார் நண்பர். காகிதக் குவளை கணித ஆசிரியரின் பக்கம் வந்து நின்றது. "உங்களுக்கு இதுதான் வசதி சார், சூடு கையில் ஏறாது" என்றார், சிரித்துக்கொண்டே. கணித ஆசிரியர் ஊரின் தெற்கே உள்ள காலனியிலிருந்து படித்து வந்தவர். அது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். சூடு எவர் கையில் ஏறிற்று, எவர் நெஞ்சில் ஏறிற்று என்பதும் அனைவருக்கும் தெரியும்.

நாம் என்ன செய்தோம்? எழுந்தோமா? இல்லை. "எனக்கும் காகிதக் குவளையே கொடுங்கள்" என்றாவது கேட்டோமா? இல்லை. குடித்தோம், தோழர்களே! நுரை ததும்பும் பித்தளை டம்ளரை ஆற்றி ஆற்றிக் குடித்தோம். குடித்து முடித்ததும் நம் டவராக்கள் உள்ளே சென்றன. அவரோ கையிலே கசங்கிய குவளையோடு, "இதை எங்கே போடட்டும்?" என்று கேட்டார். "வாசலிலே கூடை இருக்கிறது" என்றார் வீட்டுக்காரர். வள்ளுவர் பார்த்துக்கொண்டிருக்க, பெரியார் பார்த்துக்கொண்டிருக்க, அம்பேத்கர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பட்டதாரி ஆசிரியர் தாம் குடித்த குவளையைத் தாமே சுமந்து வாசலுக்குச் சென்றார்.

இக்கட்டுரை அந்தக் காப்பிக்கு நாம் செலுத்தும் விலை. காலம் கடந்து செலுத்தும் விலை.

*

வீட்டுக்காரர் கொடியவரா? அல்லர். மாணவர்க்குத் தம் பணத்தில் குறிப்பேடு வாங்கித் தருபவர். அவரை ஒருவராக நிறுத்தி இங்கே நாம் சாடவில்லை. அவரைப் போன்றோர் இல்லந்தோறும் இருக்கிறார்கள். கேட்டால் அவர்கள் உரைக்கும் காரணங்கள் நான்கு: வழக்கம், தூய்மை, பெரியவர் மனம், "அவரே ஒன்றும் சொல்லவில்லையே" என்பது. ஒவ்வொன்றாக எடுத்து முறத்திலிட்டுப் புடைப்போம். உமி எது, மணி எது என்று பார்ப்போம்.

வழக்கம் என்கின்றனர். காப்பிக்கு ஏதய்யா வழக்கம்? எந்தப் புராணத்திலே காப்பி இருக்கிறது? எந்த வேதியர் வேள்வியிலே காப்பியைச் சொரிந்தார்? ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியக் காடுகளிலே காய்த்த பழம் அது. செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்குப் போயிற்று. இரவெல்லாம் விழித்திருந்து இறைவனை நினைக்க விரும்பிய சூஃபிகள் அங்கே அதைப் பருகினர். 17ஆம் நூற்றாண்டிலே மெக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று திரும்பிய பாபா புடன் என்னும் சூஃபிப் பெரியார், ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூரின் சந்திரகிரி மலையிலே ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. இன்றும் அம்மலைக்கு அவர் பெயரே வழங்குகிறது. அதன் பின்னர் ஆங்கிலேயர் தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டனர். சேர்வராயன் மலையும், நீலமலையும், பழனி மலையும், ஆனைமலையும் காப்பி மணத்தன.

கருப்பர் நாட்டிலே பிறந்து, அராபியர் கையிலே வளர்ந்து, இசுலாமியப் பெரியவர் ஒருவரால் கடல் கடந்து, வெள்ளையர் தோட்டத்திலே விளைந்து வந்த பானம்! இதற்குத்தான் நம்மூரிலே தீட்டாம். இதற்குத்தான் தனிக் குவளையாம்! காப்பி இங்கே நுழைந்தபோது பழமை பேசியோர் அதனைக் குடியைக் கெடுக்க வந்த புதுமை என்று தூற்றினர். தூற்றிய வாயே பிறகு துதித்தது. துதித்ததோடு நில்லாமல், அதற்கு ஆசாரமும் கட்டியது. சிலநூறு ஆண்டுக்கு முன் இல்லாத பொருளுக்குப் பல்லாயிரம் ஆண்டு வழக்கத்தை ஒட்டவைக்கும் திறமையை என்னென்பது! காப்பியிலே கலக்கும் சிக்கரிக்கேனும் ஓர் அளவு உண்டு. 49 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. காப்பியிலே கலந்த சாதிக்கு அளவு வைத்தவர் யார்?

தூய்மை என்கின்றனர். நன்று, தூய்மையையே பேசுவோம். மலைச்சரிவிலே செடிக்குச் செடி சென்று, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிப்பது கை. கூடையிலே சுமந்து வருவது தலை. தோல் நீக்கிய கொட்டையின் பசை போக ஊறவைத்துக் கழுவுவது கை. களத்திலே பரப்பி, வெயிலிலே துழாவித் துழாவி உலர்த்துவது கை. உடைந்ததையும் கறுத்ததையும் நீக்கிப் பொறுக்குவது கை. பெரும்பாலும் பெண்களின் கை. மூட்டையேற்றுவது கை, இறக்குவது கை. பாலைக் கறப்பதும் கை. இத்தனை கை பட்ட காப்பியின் கடைசிக் கட்டத்திலே, அந்தக் கைகளின் வழிவந்த ஒருவர் டம்ளரைத் தொட்டால் மட்டும் தூய்மை போய்விடுமா? கொட்டை வறுபடும் வெப்பம் இருநூறு பாகைக்கும் மேலே. எந்த நோய்க்கிருமி அதில் பிழைக்கும்? டம்ளரிலே ஒட்டியது எச்சில் என்றால், வெந்நீரும் சாம்பலும் புளியும் எதற்கு? மற்ற நால்வர் எச்சிலைக் கழுவிய புளி, ஐந்தாமவர் எச்சிலைக் கழுவ மறுத்துவிடுமா? புளிக்குமா சாதி தெரியும்?

இன்னொன்றும் சொல்வோம். காப்பிக்காகத் தமிழன் சிந்திய வியர்வையின் வரலாற்றை எத்தனை பேர் அறிவர்? 1830க்குப் பின் இலங்கையின் கண்டி மலைகளிலே காப்பித் தோட்டங்கள் பெருகின. அங்கே உழைக்க, பஞ்சமும் பட்டினியும் துரத்த, தமிழகத்து ஏழையர் கடலைத் தாண்டினர். மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக மலையேறினர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்து மாண்டவர் பலர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குலத்தவர். 1869இல் இலைத்துரு நோய் அச்செடிகளைத் தாக்கியது; காப்பி அழிந்து அங்கே தேயிலை வந்தது. உழைத்தவர் அங்கேயே கிடந்தனர். காப்பிச் செடிக்கு உரமாகிப்போனவரின் இனத்தைப் பார்த்து, "உனக்குக் காகிதக் குவளை" என்கிறோமே, நா கூசவேண்டாவா?

பெரியவர் மனம் புண்படும் என்கின்றனர். எந்தப் பெரியவர்? எண்பது வயதான பாட்டியார் ஒரு மூலையிலே உட்கார்ந்திருப்பார். அவருடைய தலையிலே பழியைப் போட்டுவிட்டு, பட்டம் படித்த பேரன் தட்டைத் திருப்புவான். பாட்டியார் கைப்பேசி வேண்டாம் என்றபோது கேட்டானா? பாட்டியார் சொன்ன பெண்ணை மணந்தானா? தனக்கு வேண்டிய இடத்திலெல்லாம் புதுமை; தனக்குத் தொல்லை வரும் இடத்திலே மட்டும் பாட்டியின் மனம்! முதியவர் மனம் புண்படாது காக்கும் கடமை நமக்கு உண்டு, ஒப்புகிறோம். அதே பாயில் அமர்ந்திருக்கும் விருந்தினரின் மனத்தைக் காக்கும் கடமை எங்கே போயிற்று? வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். விருந்தினரை இன்னின்னார் என்று வகுத்து, இன்னின்னார்க்கு இன்னின்ன குவளை என்று அவர் எங்கும் உரைக்கவில்லை.

அவரே ஒன்றும் சொல்லவில்லையே என்கின்றனர். இதுதான் நான்கிலும் கொடியது. அடிபட்டவன் அழாவிட்டால் அடியே விழவில்லை என்று தீர்ப்பு! அவர் எப்படிச் சொல்வார்? நாளை காலை அதே பள்ளியிலே, அதே அறையிலே, அதே மேசையிலே அவர்களோடுதான் அவர் அமரவேண்டும். சொல்லியிருந்தால், "ஒரு காப்பிக்குப் போய்ச் சண்டை போட்டார்" என்று ஊர் பேசும். சொல்லாததால், "அவருக்கே வருத்தமில்லை" என்று நாம் பேசுகிறோம். பேசவேண்டியவர் அவரல்லர், தோழர்களே. பித்தளை டம்ளர் கிடைத்தவர்கள்!

*

நம் இயக்கத்தார்க்கு ஒரு சொல்.

தென்னிந்திய இரயில்வேயின் நிலையங்களிலே பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று உணவுச் சாலைகள் பிரிந்துகிடந்த காலம் ஒன்று இருந்தது, போராடினோம், 1941இல் அப்பிரிவு ஒழிந்தது. உணவு விடுதிகளின் பெயர்ப் பலகையிலே 'பிராமணாள்' என்னும் சொல் கூடாது என்று 1957இல் பெரியார் சென்னையிலே கிளர்ச்சி தொடங்கினார். நாள்தோறும் தொண்டர் சென்று சிறை புகுந்தனர். சுயமரியாதை மாகாண மாநாட்டின் முதற்கூட்டம் 1929இல் செங்கற்பட்டில் நடந்தபோது தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார், காப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பட்டிவீரன்பட்டியின் மைந்தர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்துக்குத் தலைவராயிருந்தபோது, ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்து ஓடக்கூடாது என்று ஆணையிட்ட அஞ்சாநெஞ்சர் அவர்.

இவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்று மேடையிலே மார்தட்டுகிறோமே, நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தோமா? விடுதிக்காரன் பலகையிலே எழுதி வைத்தான், படித்தவர் எல்லார்க்கும் தெரிந்தது, அழிக்க முடிந்தது. நாம் பலகை மாட்டவில்லை. குவளையிலே எழுதி வைத்திருக்கிறோம். மற்றவன் வைத்த பலகையை அழிக்கத் தாரும் தூரிகையும் போதும். நாமே வைத்த குவளையை அகற்ற நெஞ்சு வேண்டும். பிராமணரின் ஆசாரத்தைச் சாடும்போது எரிமலையாகும் நாம், நமக்குக் கீழே என்று எவரையோ நினைத்து நடத்தும் ஆசாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பனிமலையாகிவிடுகிறோமே, ஏன்? மேலே இருப்பவனைக் கீழே இறக்குவது மட்டுமா சுயமரியாதை? நம் காலடியிலே நாமே போட்டு வைத்த படியைப் பெயர்த்தெறிவதும் அதுவே.

சட்டம் இல்லையா எனில், உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு, கடையிலும் உணவு விடுதியிலும் எவரையும் பிறப்பின் பேரால் தடுக்கலாகாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தேநீர்க் கடைகளிலே இரட்டைக் குவளை இருந்ததை நாடறியும். முதலிலே கொட்டாங்கச்சி; பிறகு ஆணியிலே தொங்கிய அலுமினியக் குவளை; பிறகு கீறல் போட்ட கண்ணாடிக் குவளை; இப்போது காகிதக் குவளை. பொருள் மாறிற்று, பொருள் மாறவில்லை! 2019 சனவரி முதல் நாள் தொட்டு, பிளாஸ்டிக் பூச்சிட்ட காகிதக் குவளைக்குத் தமிழ்நாட்டிலே தடை இருக்கிறது. மண் கெடும் என்று அரசு தடுத்தது. மனம் கெடும் என்று தடுக்க எந்த அரசு வரும்? நம் கூடத்திலே நாம் நண்பர்க்கு எந்தக் குவளையை நீட்டுகிறோம் என்று பார்க்க எந்தக் காவலரும் வரமாட்டார். ஆகவேதான் சொல்கிறோம்: கடையிலே குவளை ஒன்றாவது சட்டத்தின் வேலை, வீட்டிலே குவளை ஒன்றாவது நம் வேலை.

*

மணமுள்ள அந்தக் காப்பியிலே இன்னொரு கசப்பும் இருந்தது. அன்று அதுவும் நம் நாவுக்குத் தெரியவில்லை.

பில்டரிலே பொடியை இட்டு வெந்நீர் ஊற்றினால் முதலிலே இறங்குவது கெட்டியான டிகாஷன். அது விருந்தினர்க்கும் வீட்டு ஆண்மக்களுக்கும். அதே பொடியிலே மறுபடி நீர் ஊற்றினால் இறங்குவது இரண்டாம் டிகாஷன். அது வீட்டுப் பெண்டிர்க்கு. மூன்றாம் முறையும் ஊற்றினால் நிறம் மட்டும் இறங்கும். சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, கொல்லைப்புறத்துக்கு வரும் பணிப்பெண்ணுக்கு. மனு வகுத்த நால்வகையை வெறுக்கும் நம் வீட்டிலே, பில்டர் நாள்தோறும் மூவகை வகுத்துக்கொண்டிருக்கிறது! காப்பியையா வடிகட்டுகிறது அது? மனிதரையன்றோ வடிகட்டுகிறது!

வறுத்தவர் துணைவியார், மிச்சத்தை அரைத்தவர் துணைவியார், பால் பொங்காமல் காத்தவரும், டவரா துலக்கியவரும் அவரே. பத்துச் சுற்றுச் சுற்றிய கணவர்க்குப் பாராட்டு. மற்றச் சுற்றெல்லாம் சுற்றியவர் கூடத்துக்கு வந்து அமரவும் இல்லை. அவரும் ஒரு பட்டதாரி என்று பின்னரே அறிந்தோம். பெண் விடுதலை பற்றி அன்று கூடத்திலே அரைமணி பேசினோம்; பேசிய நா உலரும்போதெல்லாம் உள்ளேயிருந்து அவர் கை நீர் நீட்டிற்று. ஒருவரை வாசலுக்கு அனுப்பிய அதே தட்டுத்தான் இன்னொருவரை அடுக்களையிலே நிறுத்தி வைத்தது. வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர். இரண்டுக்கும் நடுவிலே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு, அதற்கு நட்பு என்று பெயரிட்டோம்.

*

பிறர் வீட்டைப் பேசியது போதும். நம் வீட்டைச் சொல்வோம்.

நம் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரிலே ஒரு மாடம். அதிலே ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கும். விளிம்பிலே சிறு நசுங்கல். வாசல் பெருக்க வரும் அம்மையார்க்கு உரியது அது. இருபத்தாறு ஆண்டுகளாக அதைப் பார்த்து வந்தோம், ஒருநாளும் காணவில்லை! காகிதக் குவளையைக் கண்ட ஞாயிறன்று மாலைதான் அது கண்ணிலே பட்டது. எடுத்துக் கழுவி அடுக்களையிலே மற்ற டம்ளர்களோடு வைத்தோம். மறுநாள் காலை அது மாடத்திலே இருந்தது. நசுங்கலை வைத்து அம்மா அடையாளம் கண்டுகொண்டார். மீண்டும் கொண்டுவந்தோம், மீண்டும் போயிற்று. மூன்றாம் நாள், "இதிலேதான் நாம் குடிப்போம்" என்று அதிலேயே காப்பியை ஊற்றிக் குடித்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மாடம் வெறுமையாயிற்று. பெருக்க வரும் அம்மையார்க்கு எந்த டம்ளர் கையிலே வந்ததோ அது.

அதன் பிறகே கணித ஆசிரியரை அழைக்கும் துணிவு வந்தது. முதல்முறை வேலை இருக்கிறது என்றார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, அந்த ஞாயிறைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். அன்று பேசாதிருந்தது நம் குற்றம் என்றோம். சற்று நேரம் வாளாவிருந்தவர் சொன்னார்: "அவர் கொடுத்தது எனக்குப் புதிதில்லை சார். நீங்கள் குடித்தீர்களே, அதுதான் வலித்தது."

வந்தார். அன்று கொட்டையை வறுத்தவர் நாம். முதல் ஈடு கருகிப்போயிற்று, மறுபடி வறுத்தோம். அரைத்தவரும் நாமே; தோள் வலித்தது; நாள்தோறும் இதைச் செய்யும் தோள்களை நினைத்துக்கொண்டோம். அம்மாவைக் கூடத்திலே உட்காரச் சொன்னோம். "எனக்கு உள்ளே வேலை கிடக்கிறதடா" என்றார். பிறகு கதவோரமாக உட்கார்ந்தார். முதல் டிகாஷனிலே கலந்த காப்பியை அவரிடம் நீட்டினோம். ஒரு வாய் குடித்தவர், "இவ்வளவு கெட்டியாகவா நீங்களெல்லாம் குடிக்கிறீர்கள்?" என்றார். முப்பது ஆண்டுகளாக அந்த வீட்டிலே காப்பி போட்டவர் கேட்ட கேள்வி அது! நமக்கு மறுமொழி இல்லை.

கணித ஆசிரியர் பித்தளை டம்ளரிலே குடித்தார். கருகல் மணம் சற்று இருக்கிறது என்று உண்மையையும் சொன்னார். அன்று மாலை அம்மா அந்த டம்ளரை இருமுறை கழுவினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கழுவியதைக் கையிலே வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு மற்ற டம்ளர்களோடு அடுக்கி வைத்தார். இதை வெற்றி என்று முழக்கமிட மாட்டோம். இருமுறை கழுவிய கை ஒருமுறை கழுவும் நாள் வரவேண்டும். ஆனால் மாடம் வெறுமையாகவே இருக்கிறது, அது பொய்யன்று.

*

தோழர்களே! காப்பி என்று சொல்வீர்களோ, தூய தமிழிலே குளம்பி என்று சொல்வீர்களோ, அது உங்கள் விருப்பம். பீபெரியா, பிளான்டேஷனா, சிக்கரி வேண்டுமா வேண்டாவா என்பதும் உங்கள் நாவின் உரிமை. அந்த வழக்குகளிலே நாம் தலையிடவில்லை. நாம் கேட்பது மூன்று.

நண்பர் வீட்டுக்கு வரும்போது, தட்டிலே வைக்கும் குவளைகள் ஒரே வகையாக இருக்கட்டும். ஆறு பேருக்கு ஐந்து டவராதான் உண்டென்றால், ஆறு பேருக்கும் டம்ளர் கொடுங்கள். டம்ளரும் போதாதெனில் ஆறாவது குவளையை வீட்டுக்காரர் ஏற்றுக்கொள்ளட்டும். அழைத்தவர் கை அரைக்கட்டும். பத்துச் சுற்றன்று, கடைசிச் சுற்று வரை. முதல் டிகாஷனும் இரண்டாம் டிகாஷனும் ஒரு பாத்திரத்திலே சேரட்டும். சேர்ந்ததை, வாசலைப் பெருக்கியவர் தொடங்கி, பாலைக் காய்ச்சியவர் ஈறாக, எல்லாரும் ஒக்கப் பருகட்டும். காப்பி சற்றே நீர்த்துப்போகும் என்பீர்கள். போகட்டும்! நீர்த்துப்போகவேண்டியது வேறொன்று இருக்கிறது.

வேறு எவர் வீட்டிலேனும் தட்டு திரும்பக் கண்டால், உங்கள் கையிலே இருக்கும் பித்தளை டம்ளரைக் கீழே வையுங்கள். கூச்சலிட வேண்டாம், கூட்டம் போட வேண்டாம். "அவருக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடுங்கள்" என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் நாம் குடித்த காப்பியின் கசப்பு, எத்தனை சர்க்கரை இட்டாலும் இன்னும் நம் நாவை விட்டு அகலவில்லை.

மணம் எவரைக் கேட்டு வருகிறது? வேலியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, காலனியைத் தாண்டிச் செல்கிறது. எல்லார்க்கும் பொதுவாய் மணந்த காப்பியை எல்லார்க்கும் பொதுவான குவளையிலே ஊற்றுங்கள். உங்கள் வீட்டு மாடத்தை இன்றே போய்ப் பாருங்கள்!